பாகங்களும் பெட்டிகளும்: தமிழகத்தில் மின்னணு உதிரிபாகச் சேமிப்பின் வரலாறு

பொழுதுபோக்கு மின்னணுவியல் என்பது பிழைப்புக்காக அல்லாமல் ஆர்வத்தின் பேரில் வானொலி, ஒலிபெருக்கி, அளவுமானி போன்ற கருவிகளை வீட்டிலேயே கட்டும் செயல். தமிழகத்தில் இதற்கு ஏறத்தாழ 100 ஆண்டு வரலாறு உண்டு. கட்டப்பட்ட கருவிகளைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, அவற்றுக்கான பாகங்கள் சிறு வீடுகளில் எங்கே, எந்த முறையில் வைக்கப்பட்டன என்பது பேசப்படவில்லை. திண்ணை, பரண், கட்டிலின் அடிப்பகுதி, அலமாரியின் ஒரு தட்டு ஆகியவையே பெரும்பாலோருக்குப் பணிமனையாக இருந்தன.

இந்த 100 ஆண்டுகளில் பாகங்கள் தொடர்ந்து சிறுத்துக்கொண்டே வந்தன. பாகம் சிறுக்கச் சிறுக்க, அது எது என்று சொல்லும் அடையாளம் பாகத்தின் உடலிலிருந்து பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டுக்கு நகர்ந்தது. இதனால் அடுக்கிவைக்கும் முறை வெறும் ஒழுங்கு என்ற நிலையிலிருந்து கைத்தொழில் அறிவின் ஒரு பகுதியாக மாறியது. கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் வெள்ளமும் புயலும் இந்த அறிவுக்குக் கூடுதல் தேவையை உண்டாக்கின.

படிகப் பெட்டிக் காலம்

சென்னையில் 1924ஆம் ஆண்டு மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் மதராஸ் மாகாண ரேடியோ கிளப் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31 முதல் அது ஒலிபரப்பியது. பணமுடையால் 1927இல் கிளப் நின்றுபோனது. அதன் ஒலிபரப்பியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது.

இந்தத் தொடக்க ஒலிபரப்புகளைக் கேட்க எளிய கருவி படிக வாங்கி. ஒரு கம்பிச்சுருள், ஒரு மாறு மின்தேக்கி, ஈயச் சல்பைடு எனப்படும் கலீனா கல், அதைத் தொடும் மெல்லிய கம்பி, காதொலிப்பான் ஆகியவை போதும். மின்கலம்கூடத் தேவையில்லை. கலீனாவை அலை உணர்வியாகப் பயன்படுத்தும் முறைக்கு ஜகதீச சந்திர போஸ் 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார்.

படிக வாங்கிக்குப் பாகங்கள் ஐந்தாறுதான். ஒவ்வொன்றும் கையில் எடுத்தவுடன் இன்னதென்று தெரியும் அளவுக்குப் பெரியது. ஆகவே பாகங்களைத் தனியே வகைப்படுத்திவைக்கும் கேள்வி அன்று எழவில்லை. கருவி இருந்த மரப்பெட்டியே பாகங்களின் பெட்டியாகவும் இருந்தது. பாதுகாக்க வேண்டியிருந்தது ஒன்றே: கல்லின் மேற்பரப்பு. விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் பட்டால் அதன் உணர்திறன் குறையும். எனவே கல்லை விரலால் தொடாமல், மூடிய சிறு டப்பியில் வைத்தனர்.

சட்டம் பார்த்த பாகம்

1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் வானொலிக் கருவியை வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. கேட்பதற்கு மட்டுமான வானொலிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமப் புத்தகத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதி வரை இந்த வழக்கம் நீடித்தது.

பிற மின்வேலைகளுக்கும் பொதுவாகப் பயன்படும் பொருள்களை, வானொலிக்கென்றே அமைக்கப்படாதவரை, அச்சட்டம் கருவியாகக் கருதவில்லை. இதனால் ஒரே பெட்டியில் கிடந்த பாகங்களுக்குச் சட்டத்தின் கண்ணில் வேறுவேறு நிலைமை இருந்தது. கம்பியும் மின்தடையும் வெறும் சாமான்கள். அவை ஒன்றுசேர்ந்து அலைவாங்கியாகிவிட்டால் உரிமம் வேண்டும்.

1939இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது, அமெச்சூர் வானொலியாளர்கள் தங்கள் ஒலிபரப்பிகளைக் காவல்துறையிடம் ஒப்படைக்கும்படி அரசு ஆணையிட்டது. 1942 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் நடத்திய காங்கிரஸ் வானொலி, காவலர் கண்ணில் படாமல் இடம் மாறி மாறி இயங்கியது. பாகங்களைச் சேர்த்துவைப்பதும் அவற்றைக் கழற்றிப் பிரித்துக் கொண்டுபோகத் தெரிவதும் எவ்வளவு பொருளுள்ள திறமைகள் என்பதை அந்த மூன்று மாதங்கள் காட்டின.

வால்வுக் காலம்

1930கள் முதல் 1960கள் வரை வானொலி வேலை என்றால் வால்வு வேலை. கண்ணாடிக் குமிழ், அதன் அடியில் ஊசிகள், அவை பொருந்தும் சாக்கெட், கனமான மின்மாற்றி, தகடுகள் ஒன்றினூடே ஒன்று நுழையும் கேங் கண்டன்சர், பேண்ட் சுவிட்ச் என ஒவ்வொரு பாகமும் இடத்தைப் பிடித்தது. போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட கருவிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. பழைய சாமான்களுக்குப் பெயர்பெற்ற சென்னை மூர் மார்க்கெட், 1985 மே 30இல் எரிந்து அழியும்வரை இத்தகைய பொருள்களைத் தேடுவோர் செல்லும் இடமாக இருந்தது. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் பின்னர் மாநிலம் முழுமைக்குமான மின்னணுச் சந்தையாக வளர்ந்தன. வெளியூர் ஆர்வலர்கள் பாகங்களின் பட்டியலை எழுதிக்கொண்டு ரயிலிலோ பேருந்திலோ அங்கே வந்தனர்.

வால்வுகளுக்கு ஏற்ற சேமிப்பிடம் அவை வந்த அட்டைப்பெட்டியே. குமிழின் மேல் அச்சிட்ட எண் கைபட்டால் எளிதில் அழிந்துவிடும். எண் அழிந்த வால்வை ஊசிகளின் எண்ணிக்கையையும் உள்ளே தெரியும் தகடுகளின் அமைப்பையும் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே வால்வை அதன் பெட்டியிலிருந்து பிரிக்கக் கூடாது என்பது மெக்கானிக்குகளின் வழக்கமாயிற்று. அடையாளம் பெட்டிக்கு நகரத் தொடங்கியதன் முதல் அறிகுறி இது.

வண்ணக் கோடுகளும் 12 எண்களும்

மின்தடையின் சிறிய உருளை உடலில் எண்ணை அச்சிடுவதும் படிப்பதும் கடினம். 1920களில் அமெரிக்க வானொலி உற்பத்தியாளர்கள் வண்ணங்களை எண்களாகக் கொள்ளும் முறையைக் கொண்டுவந்தனர். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. தொடக்கத்தில் உடலின் நிறம் முதல் எண்ணையும், முனையின் நிறம் இரண்டாம் எண்ணையும், நடுவிலுள்ள புள்ளி பின்வரும் சுழியங்களின் எண்ணிக்கையையும் குறித்தன. பின்னர் இவை மூன்றும் வரிசையான கோடுகளாயின. மஞ்சள், ஊதா, சிவப்பு என்றால் 4, 7, இரண்டு சுழியம்: 4,700 ஓம். நான்காவது கோடு தங்கநிறமானால் மதிப்பில் 5 விழுக்காடும், வெள்ளிநிறமானால் 10 விழுக்காடும் கூடவோ குறையவோ இருக்கலாம்.

எந்தெந்த மதிப்புகளில் பாகங்களைச் செய்வது என்ற கேள்விக்கு விடை வேறு துறையிலிருந்து வந்தது. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்லஸ் ரெனார், 1870களில் ராணுவ பலூன்களுக்கான கயிறுகள் 425 அளவுகளில் இருப்பதைக் கண்டு, சீரான விகிதத்தில் ஏறும் 17 அளவுகளாக அவற்றைக் குறைத்தார். கிடங்கில் இடம் மிச்சப்படுத்த எழுந்த அந்த எண்ணமே, 1952இல் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் வெளியிட்ட மின்தடை வரிசைகளுக்கும் அடிப்படை. 10 விழுக்காடு பாகங்களுக்கான வரிசையில் 12 எண்களே உள்ளன: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் ஏறக்குறைய 1.21 மடங்கு. இடைப்பட்ட எந்த மதிப்பும் அடுத்தடுத்த இரண்டில் ஒன்றின் விலகல் எல்லைக்குள் அடங்கிவிடுவதால், அதைத் தனியே செய்யவோ வாங்கிவைக்கவோ வேண்டியதில்லை.

வீட்டில் அடுக்குபவருக்கு இந்த வரிசை ஒரு கணக்கைத் தந்தது. 10 ஓம் முதல் 8,20,000 ஓம் வரை மொத்தம் 60 மதிப்புகள். 60 அறைகளுக்கு இடமில்லாதவருக்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் இரண்டு நிறங்களைப் பார்த்துப் பிரித்தால் 12 அறைகள், ஒவ்வொன்றிலும் 5 மதிப்புகள். மூன்றாவது நிறத்தை மட்டும் பார்த்துப் பிரித்தால் கறுப்பு, பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என 5 அறைகள், ஒவ்வொன்றிலும் 12 மதிப்புகள். ஐந்து அறை என்றால் தமிழ் வீட்டில் அதற்கென்றே ஒரு பெட்டி ஏற்கெனவே இருந்தது, அஞ்சறைப் பெட்டி. கடுகுக்கும் சீரகத்துக்கும் வைத்த அறைகளின் எண்ணிக்கையும் பழைய மின்தடைகளின் பெருக்கு நிறங்களின் எண்ணிக்கையும் தற்செயலாக ஒத்துப்போயின.

டிரான்சிஸ்டர்: பெயரே முகவரி

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் உருவானது. இந்தியாவில் 1954இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் டிரான்சிஸ்டர்களைச் செய்யத் தொடங்கியது. உள்ளங்கை அளவு வால்வு இருந்த இடத்துக்குச் சுண்டுவிரல் நக அளவுப் பாகம் வந்தது. ஒரு வால்வு வானொலிக்கு வேண்டிய பாகங்கள் பிடித்த இடத்தில் பத்து டிரான்சிஸ்டர் வானொலிகளுக்கான பாகங்களை வைக்க முடிந்தது.

ஆனால் டிரான்சிஸ்டர்கள் ஒன்றைப்போல் ஒன்று இருந்தன. மூன்று கால்கள், ஒரு தலை. அவற்றின் மேலிருந்த எண்ணே வேறுபாடு. 1966இல் ஐரோப்பிய நிறுவனங்கள் ஏற்படுத்திய புரோ எலக்ட்ரான் முறையில் எண்ணுக்கு முன்வரும் எழுத்துகள் பொருள் உடையவை. முதலெழுத்து ‘ஏ’ என்றால் ஜெர்மானியம், ‘பி’ என்றால் சிலிக்கான். இரண்டாம் எழுத்து ‘சி’ என்றால் ஒலி அதிர்வெண்ணில் சிறுதிறன் வேலை, ‘டி’ பெருந்திறன், ‘எஃப்’ உயர் அதிர்வெண், ‘ஒய்’ மின்னோட்டத்தைத் திருத்தும் டையோடு. இந்த நான்கைந்து எழுத்துகள் தெரிந்தவர் ஏசி128, பிசி147, பிஎஃப்194, பிஒய்127 ஆகியவற்றை எந்த நூலும் பார்க்காமல் நான்கு அறைகளில் போட்டுவிடலாம்.

அமெரிக்க முறை இப்படி உதவவில்லை. அதில் 1என் என்பது டையோடு, 2என் என்பது டிரான்சிஸ்டர். அடுத்துவரும் எண் பதிவு வரிசை மட்டுமே. பெரிய ஒலிபெருக்கிகளில் அமர்ந்த 2என்3055 எதற்கானது என்பதை அறிந்தவர் சொல்ல வேண்டும் அல்லது தரவுநூலைப் பார்க்க வேண்டும். இந்தியக் கல்லூரி ஆய்வகங்களுக்கு நன்கு பழக்கமான எஸ்எல்100, எஸ்கே100 என்ற உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்களும் இந்த வகையே. ஒன்று என்பிஎன், மற்றது பிஎன்பி. உருவம் ஒன்றே. இரண்டும் ஒரே டப்பாவில் கலந்து, எண்ணும் அழிந்துபோனால் அளவுமானியைக் கொண்டு ஒவ்வொன்றாகச் சோதிப்பதைத் தவிர வழியில்லை.

தட்டுப்பாடும் கழற்றியெடுத்தலும்

1991க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தன. தில்லியிலிருந்து 1969 முதல் வெளிவந்த ‘எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ’ போன்ற இதழ்கள் சுற்றுப்படங்களை மாவட்டத் தலைநகரங்களுக்குக் கொண்டுவந்தன. படம் கையில் இருக்கும், பட்டியலிலுள்ள ஒரு பாகம் ஊரில் கிடைக்காது. அஞ்சல்துறை 1877 முதல் நடத்திவந்த மதிப்புப் பெறு அஞ்சல் முறையான வி.பி.பி. வழியே சிலர் பாகங்களை வரவழைத்தனர். பிறர் பழுதான வானொலிகளிலிருந்து கழற்றினர்.

கழற்றியெடுப்பது சேமிப்பு முறையை மாற்றியது. கடையில் வாங்கியவர் தேவைக்கு வாங்குகிறார். கழற்றுபவரோ எதிர்காலத்தில் எது தேவைப்படும் என்று தெரியாமல் எல்லாவற்றையும் எடுத்துவைக்கிறார். ஆகவே அவருக்கு வகைப்படுத்தும் முறை கட்டாயம். கழற்றிய பாகத்தின் கால்கள் குட்டையாக இருக்கும், வெப்பத்தால் உட்கூறு பழுதாகியிருக்கலாம். கழற்றியவுடன் சோதித்து, நல்லதை மட்டும் அறையில் போடுவது, சோதிக்காததைத் தனி டப்பாவில் வைப்பது என்ற பிரிவு இதிலிருந்து வந்தது. இந்தப் பிரிவைக் கைவிட்ட சேமிப்பில் எந்தப் பாகத்தையும் நம்ப முடியாது. கட்டிய சுற்று வேலை செய்யாதபோது தவறு வரைபடத்திலா, பற்றவைப்பிலா, பாகத்திலா என்று தேடும் நேரம் மும்மடங்காகும்.

வீட்டுப் பெட்டிகள்

பல இழுப்பறைகள் கொண்ட பிளாஸ்டிக் அலமாரிகள் எளிதில் கிடைப்பதற்கு முன் வீட்டிலிருந்த பொருள்களே பெட்டிகளாயின. தீப்பெட்டிகளை அடுக்கி ஒட்டி, உள்தட்டின் முகப்பில் நூலையோ சட்டைப் பொத்தானையோ கைப்பிடியாக வைத்தால் சிறு இழுப்பறை அடுக்கு கிடைக்கும். தீப்பெட்டியின் நீளம் ஏறக்குறைய 5 செ.மீ. புதிய கால் வாட் மின்தடையின் உடல் 6 மி.மீ. அளவே ஆனாலும் இருபுறக் கம்பியையும் சேர்த்தால் 6 செ.மீ. ஆகும். எனவே கம்பியை ‘ப’ வடிவில் மடக்கினால்தான் உள்ளே கிடக்கும். கழற்றியெடுத்த குட்டைக்கால் பாகங்கள் அப்படியே பொருந்தும்.

ஊசிமருந்துக் குப்பி, புகைப்படச் சுருள் டப்பி, ஒலிநாடாப் பெட்டி, மாத்திரை அட்டை ஆகியவையும் பயன்பட்டன. ஹார்லிக்ஸ் பாட்டிலின் மூடியை அலமாரித் தட்டின் அடிப்புறம் திருகாணியால் பொருத்தி, பாட்டிலை அதில் திருகித் தொங்கவிடுவது இன்னொரு முறை. தட்டின் மேற்பகுதி குடும்பத்துக்கு, அடிப்பகுதி பாகங்களுக்கு என இடப்பங்கீடு இதனால் எளிதானது. நீளக் கம்பியுள்ள பாகங்களை அட்டையில் குத்திவைத்து, பக்கத்தில் மதிப்பை எழுதிக் கோப்பில் கோப்பதும் உண்டு. அடுக்கு தடித்தாலும் நிற்கும் இடம் ஒரு புத்தகத்தின் அளவே.

சமையலறையும் பணிமனையும் ஒரே வீட்டில் நெருங்கியிருந்ததில் ஓர் ஆபத்தும் இருந்தது. பற்றவைக்கும் கம்பியில் ஏறக்குறைய 60 விழுக்காடு வெள்ளீயமும் 40 விழுக்காடு காரீயமும் உண்டு. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. பாகம் வைத்த அஞ்சறைப் பெட்டியோ டப்பாவோ மீண்டும் உணவுக்குத் திரும்பக் கூடாது. பற்றவைத்த கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது. உணவுப் பாத்திரத்தின் உருவத்திலேயே இருக்கும் பெட்டியில் பெரிய எழுத்தில் பெயரெழுதுவது இந்தக் காரணத்துக்காகவும் தேவைப்பட்டது.

கடற்காற்று

தேவனாம்பட்டினம் கடலூரின் கடற்கரைப் பகுதி. கெடிலம் ஆற்றின் அருகே புனித டேவிட் கோட்டையின் எச்சங்களும், வெள்ளிக் கடற்கரையும், மீனவர் குடியிருப்பும், பெரியார் அரசு கலைக் கல்லூரியும் இங்கே உள்ளன. இப்படிப்பட்ட கடலோரத்தில் மின்னணுப் பாகங்களுக்கு முதல் எதிரி உப்பு கலந்த ஈரக்காற்று.

பாகங்களின் கால்களில் பூசிய வெள்ளீயம் ஈரத்தில் மங்கி ஆக்சைடு படலம் பிடிக்கும். அதன்மேல் ஈயம் பற்றாது. பற்றியதுபோல் தோன்றினாலும் உள்ளே தொடர்பு இராது. பிளேடால் சுரண்டிப் பளபளப்பாக்கிய பிறகே பயன்படுத்த முடியும். இரும்புத் தகட்டுப் பெட்டி உட்புறம் துருப்பிடித்து, துருத்தூள் பாகங்களின் மேல் படியும். அட்டையும் தீப்பெட்டியும் ஈரத்தை உறிஞ்சிக் கால்களுக்குக் கொடுக்கும். சென்னையின் உட்பகுதியிலோ மதுரையிலோ நன்றாகப் பயன்பட்ட தீப்பெட்டி அடுக்கு கடற்கரை வீட்டுக்குப் பொருந்தவில்லை. இங்கே இறுக மூடும் பாட்டிலும் நெகிழிப் பையும், உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலமும் ஏற்றவை. ஈரம் நிறைந்த சிலிக்கா மணிகளைச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

மின்பகு மின்தேக்கிகளுக்கு இன்னொரு குறை உண்டு. பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் அவற்றின் உள்ளே அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் நலியும். திடீரென முழு மின்னழுத்தம் கொடுத்தால் சூடாகி வெடிக்கக்கூடும். ஒரு மின்தடை வழியே மெதுவாக மின்னழுத்தத்தை ஏற்றிப் படலத்தை மீண்டும் உருவாக்க வேண்டும். அதனால் இவ்வகை மின்தேக்கிகளின் பையில் வாங்கிய ஆண்டையும் எழுதிவைப்பது நல்ல வழக்கம். பழையது முன்னால், புதியது பின்னால் என்ற மளிகைக்கடை முறை இவற்றுக்குப் பொருந்தும்.

மைக்செட்டும் ஆழிப்பேரலையும்

தமிழகத்தில் மின்னணுப் பொழுதுபோக்கு பலருக்கு மைக்செட்டில் தொடங்கியது. கோயில் திருவிழா, திருமணம், கட்சிக்கூட்டம் ஆகியவற்றுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் சவுண்ட் சர்வீஸ்கள் சிற்றூர்களிலும் இருந்தன. அவற்றின் பெருக்கிகளைப் பழுது பார்க்கக் கற்றவர்கள், பின்னர் எல்ஏ4440 போன்ற ஒருங்கிணைந்த சுற்றுகளைக் கொண்டு சொந்தமாக ‘அசெம்பிள் செட்’ கட்டினர். மின்மாற்றி, வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடு, மின்தேக்கி, ஒலிகட்டுப்படுத்தும் குமிழ் என அதற்கான பாகங்கள் ஒரு ஷூ பெட்டியில் அடங்கின.

ஊரில் ஓர் ஒலிபெருக்கி எப்போதும் வேலைசெய்யும் நிலையில் இருப்பதன் பொருளை 2004 டிசம்பர் 26 காட்டியது. அன்று காலை ஆழிப்பேரலை கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தேவனாம்பட்டினம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. கடலூருக்கு வடக்கே புதுச்சேரிப் பகுதியிலுள்ள நல்லவாடு மீனவர் சிற்றூரில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் ஒன்று இருந்தது. கடல் அலையின் உயரம் போன்ற செய்திகளை மீனவர்களுக்கு அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி வைத்திருந்தனர். சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, அந்த ஒலிபெருக்கி வழியே அறிவிப்பு போனது. மக்கள் கடற்கரையை விட்டு வெளியேறி உயிர்தப்பினர்.

அதே நாளில் அந்தமானில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, வானொலிப் பயணத்துக்காகப் போர்ட் பிளேரில் ஏற்கெனவே கருவிகளுடன் தங்கியிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழு வெளியுலகுக்குச் செய்தி அனுப்பியது. இரு இடங்களிலும் உதவியது புதிய கண்டுபிடிப்பு எதுவுமன்று. வேலைசெய்யும் நிலையில், எட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருந்த எளிய கருவி.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூர்–புதுச்சேரிக் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் மின்சாரம் இல்லை. 2015 இறுதியில் மாவட்டத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. தாழ்வான வீட்டில் கட்டிலுக்கு அடியில் வைத்த பெட்டி இத்தகைய வெள்ளத்துக்குத் தப்பாது. பரண் உயரமானது, ஆனால் ஓட்டுக்கூரையின் கீழ் கோடையில் கடுமையாகச் சூடேறும், மின்பகு மின்தேக்கி அந்தச் சூட்டில் உலரும். மின்தடை, கம்பி, திருகாணி ஆகியவை பரணுக்கும், மின்தேக்கி, மின்கலம் ஆகியவை இடுப்பு உயரத்துக்கு மேலுள்ள அலமாரிக்கும் ஏற்றவை. அவசரத்தில் கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய ஒரே பையில் அளவுமானி, பற்றவைப்புக்கோல், டார்ச் விளக்கு, கட்டிமுடித்த வானொலி ஆகியவற்றை வைப்பதும் கடலோர வாழ்வு கற்பிக்கும் பாடம்.

பெயரில்லாப் பாகங்கள்

1980களுக்குப் பின் சுற்றுப்பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டப்படும் கால்களற்ற பாகங்கள் பரவின. இன்று பரவலாகப் புழங்கும் ஓர் அளவு 1.6 மி.மீ. நீளமும் 0.8 மி.மீ. அகலமும் கொண்டது. அரிசிமணியைவிடச் சிறியது. இந்த அளவிலுள்ள மின்தடையின் முதுகில் 472 போன்ற மூன்று எண்களாவது இருக்கும். 4, 7, இரண்டு சுழியம் என்ற பழைய வண்ணக்கோட்டின் கணக்கே அதுவும். அதைவிடச் சிறிய மின்தடைகளில் எண்ணும் இல்லை. பீங்கான் மின்தேக்கியில் எந்த அளவிலும் பெரும்பாலும் எதுவும் எழுதப்படுவதில்லை. ஒரே பழுப்புநிறத் துணுக்குகள் நூறு மதிப்புகளில் இருக்கும்.

இவை காகித நாடாவில் பதிந்து வருகின்றன. நாடாவிலிருந்து வெளியே விழுந்த மின்தேக்கியை உருவத்தைப் பார்த்து அடையாளம் காண வழியில்லை, அளவுமானியில் வைத்தே அறியலாம். அதன் தாங்கும் மின்னழுத்தம் எவ்வளவு என்பதை அப்போதும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே நாடாவை வெட்டும்போதே மதிப்பையும் மின்னழுத்தத்தையும் எழுதிய சீட்டைச் சேர்த்து ஒட்டுவது கட்டாயமாகிறது. பெயரட்டை போன பாகம் இங்கே பாகமே அன்று.

இந்த மாற்றத்தால் இடம் மிகுதியாக மிச்சமானது. முன்பு ஓர் அலமாரி நிறைய இருந்த மதிப்புகள் இப்போது நாணயச் சேகரிப்பு ஏடு போன்ற ஒரே ஏட்டின் பைகளில் அடங்கும். ஆனால் அந்த ஏட்டைக் கீழே கொட்டினால் ஏற்படும் இழப்பு, வண்ணக்கோடு மின்தடைகள் கொட்டுவதைப் போல் ஓர் இரவு உட்கார்ந்து பிரித்துச் சரிசெய்யக் கூடியதன்று.

காயலான் கடைக்கு முன்

2005இல் இத்தாலியில் உருவான அர்டுயினோ பலகையும், 2016 முதல் பள்ளிகளில் அமைக்கப்பட்ட அடல் ஆய்வகங்களும் மின்னணுப் பொழுதுபோக்குக்குப் புதிய தலைமுறையைக் கொண்டுவந்துள்ளன. பாகங்கள் இன்று இணையவழியில் வீட்டுக்கே வருகின்றன. தட்டுப்பாடு தீர்ந்தபின் சேர்த்துவைப்பதன் தேவையும் குறைந்துள்ளது. அதே வேளையில், மூத்த ஆர்வலர் மறைந்தபின் அவர் சேர்த்த பெட்டிகள் காயலான் கடைக்கு எடைக்குப் போகின்றன. 2012 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் இத்தகைய பொருள்களை முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பச் சொல்கின்றன. எது கழிவு, எது பாகம் என்பதை முடிவு செய்வது மட்டும் குடும்பத்தின் கையில் விடப்படுகிறது. அவர்களிடம் அதற்கு உதவுவது பெட்டியின் மேலுள்ள எழுத்து ஒன்றே.

‘பிஎஃப்194, சோதித்தது, 20’ என்று எழுதிய டப்பா, பழைய வானொலியைச் சீர்செய்ய விரும்பும் ஒருவரிடம் போய்ச் சேர வாய்ப்புண்டு. ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களும் பழைய வானொலிக்கான சுருள்களும் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. 1960களின் வானொலியை மீண்டும் பேசவைக்க அவையே வேண்டும். எழுத்தில்லாத டப்பாவில் அதே 20 டிரான்சிஸ்டர்கள் இருந்தாலும், தெரியாத கண்ணுக்கு அவை மூன்று கால் முளைத்த குப்பை. சிறு இடத்தில் பாகங்களை அடுக்குவோர் கையாளும் வழிகளில் மிகப் பழையதும் செலவில்லாததும் பெயரெழுதி ஒட்டுவதே. வால்வை அதன் அட்டைப்பெட்டியிலிருந்து பிரிக்க மறுத்த மெக்கானிக்குகளின் காலம் முதல் காகித நாடாவின் காலம் வரை தொடர்ந்து வரும் வழக்கமும் அதுவே.